பூவம்மாவின் இரண்டு குடம்

எங்கள் வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் பூவம்மாவைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல ஒரு ஆள் கிடைக்காது. நானே அவளோடு பேச்சை நிறுத்தியிருந்தவள்தான். வாயைத் திறந்தால் சண்டை. ராயபுரத்தில் ஒரு மிளகாய் மண்டியில் காம்பு கிள்ளுகிற வேலை அவளுக்கு. மூன்று மணிக்கு வேலை முடிந்து வரும்போது கையும் கழுத்தும் தணலாக எரியும். நன்றாகத் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டால்தான் அடங்கும்.

இரண்டாயிரத்து மூன்றில் குழாயில் வெறும் காற்றுதான் வந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு வரும் தண்ணீர் லாரியை நம்பித்தான் பிழைப்பு. வீட்டுக்கு ஆறு குடம். காலையிலேயே வரிசையில் குடத்தை வைத்துவிட்டுப் போகலாம். ஆனால் லாரி வரும்போது அந்த வீட்டு ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும். ஒருத்திக்குப் பதில் இன்னொருத்தி நிற்கக் கூடாது. ஆள் இல்லாத குடம் வெளியே போய்விடும். இந்தச் சட்டத்தைப் போட்டவளும் காவல் காத்தவளும் பூவம்மாதான். அவள் இருந்ததால்தான் அந்த வருடம் எங்கள் பிளாக்கில் யார் மண்டையும் உடையவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

கீழ் வீட்டு வரலட்சுமி பி.காம். இரண்டாம் வருடம். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர், அம்மா வீட்டுவேலை செய்கிறவள். இரண்டு பேரும் இருட்டித்தான் வருவார்கள். தமிழில் படித்து வந்த பெண்ணுக்கு ஆங்கிலத்தில் நடத்திய அக்கவுன்ட்ஸ் மண்டையில் ஏறவில்லை. அரியர் விழுந்தது. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகவே பல்கலைக்கழக மானியத்தில் கல்லூரி விட்ட பிறகு ஒரு வகுப்பு நடந்தது. எழில்மொழி மேடம் பாடத்தை முதலில் தமிழில் சொல்லிப் புரியவைப்பார், பிறகு அதையே ஆங்கிலத்தில் எழுதச் சொல்வார். இரண்டு வருடமாக வாயே திறக்காத பெண் அங்கேதான் முதல்முறையாக எழுந்து சந்தேகம் கேட்டாளாம். அந்த வகுப்பும் நாலு மணிக்குத்தான்.

குடத்தை வரிசையில் வைத்துவிட்டு அவள் வகுப்புக்குப் போனாள். பூவம்மா அதைத் தூக்கி ஓரமாகப் போட்டாள். மறுநாளும் அப்படித்தான். அந்த வீட்டில் சோறு பொங்கத் தண்ணீர் இல்லை. படித்துக் கிழித்தது போதும், வரிசையில் நில் என்று அம்மா சொல்லிவிட்டாள். வரலட்சுமி வந்து நின்றாள்.

"இன்னாடி, இங்க நின்னுகினு கீற? கிளாஸு இன்னாச்சு?" என்று பூவம்மா கேட்டாள்.

"தண்ணிக்கு ஆளில்ல அத்தே."

"போவலன்னா இன்னா ஆவும்?"

"ஃபெயிலாயிடுவேன். காலேஜ்ல நடத்துறது ஒண்ணும் புரியல. அந்த கிளாஸ்ல மட்டுந்தான் புரியுது."

பூவம்மாவின் மகன் ரகுபதியும் கல்லூரிக்குப் போனவன்தான். பாடம் புரியாமல், கேட்க ஒரு ஆள் இல்லாமல் முதல் வருடத்திலேயே நின்றுவிட்டான். இப்போது எண்ணூர் அனல் மின் நிலையத்தில் சாம்பல் அள்ளுகிறான். அந்த ஆற்றாமையை அவள் வெளியே சொன்னதில்லை. எங்களுக்குத் தெரியும்.

"நாளிலேர்ந்து கிளாஸுக்குப் போ. என் கொடம் ரெண்டு உங்க வூட்டு வாசல்ல இருக்கும்" என்றாள்.

பக்கத்தில் நின்ற ஜெரினாவுக்குப் பொறுக்கவில்லை. "அதுக்கு அந்தப் பொண்ணு கொடத்தையே லைன்ல வுட்டுடேன்கா!"

"ஒருத்திக்கு வுட்டா நாளிக்கு அல்லாரும் கொடத்த வெச்சிட்டு வூட்ல படுத்துக்குவீங்கோ. சட்டம் சட்டந்தான். நான் குடுக்கறது என்து."

அந்த இரண்டு குடம் அவள் குளிக்கிற தண்ணீர். அதன் பிறகு ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கழுத்தெல்லாம் சிவந்து கிடக்கும். பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. ஒருநாள் போய், எரியவில்லையா என்று கேட்டேன். வேலையைப் பார்த்துக்கொண்டு போ என்று திட்டினாள். நின்றுபோன பேச்சு எங்களுக்குள் அப்படித்தான் மறுபடி ஒட்டியது.

பிப்ரவரியில் ரிசல்ட் வந்தது. அன்று சாயங்காலம் வரலட்சுமி குடத்தோடு வந்து வரிசையில் நின்றாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"ஃபெயிலாயிட்டேன் அத்தே. இனிமே நீ குளி."

பூவம்மா திட்டப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"எவ்ளோ மார்க்கு?"

"முப்பத்தி நாலு. நாப்பது வேணும்."

"மின்ன எவ்ளோ?"

"பதினொண்ணு."

பூவம்மா அவள் குடத்தைத் தூக்கி வரிசைக்கு வெளியே வைத்தாள்.

"அடுத்த பரீட்ச எப்போ?"

"ஏப்ரல்ல."

"அப்போ ஏப்ரல் வரிக்கும் எனக்குக் குளியல் இல்ல. கொடத்த எடுத்துக்கினு வூட்டுக்குப் போய்ப் படி."