இறக்கக்கண்டிக்குப் போகாத மூன்று செய்திகள்

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய அலுவலகத்தில் இணையப் பக்கங்களைப் பராமரிப்பது என் வேலை. ஒரு காலை பரீதா அழைத்தார். மீனவர் சங்கமொன்றின் எழுதுவினைஞர். காற்று எழும்பினால் படகுக்காரர்களுக்கு எச்சரிக்கைக் குறுஞ்செய்தி அனுப்புவது அவர் பொறுப்பு. அதற்கான பக்கத்தில் ஊர்வாரியாகப் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு செக்பாக்ஸ். ஊர்ப் பெயரிலுள்ள பெட்டியை அழுத்தினால் ஊர் முழுவதற்கும் டிக் விழ வேண்டும்.

“அக்கா, இறக்கக்கண்டிக்கு அனுப்பினனான். போன ஆக்கள்ட பேர்ல எங்கட நாநா இல்ல. அவரோட கடல்ல நிக்கிற மற்ற ரெண்டு போட்டுக்காரரும் இல்ல.” நாநா என்றது தன் அண்ணனை.

“அவைக்கு டிக் போடேல்லையோ?”

“முதல்ல போட்டதே அந்த மூண்டு பேருக்கும்தான். காத்து கூடினதால ஊர் முழுக்கச் சொல்லுவம் எண்டு பிறகு மேல் பெட்டியை அமத்தினன். திரும்ப அனுப்பவோ?”

“அனுப்புங்கோ. ஆனா அதை நம்பி இருக்காம போன்ல கோலும் எடுங்கோ.”

நான் அந்தப் பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட் நிரலைத் திறந்தேன். எனக்கு முன் இருந்தவர் எழுதியது. மேல் பெட்டியை அழுத்தியதும் லூப் என்ற சுழல் கட்டளை ஒவ்வொரு பெட்டியின் நிலையையும் மாற்றிக்கொண்டு போனது. டிக் இல்லாததற்கு டிக் வந்தது, இருந்ததற்குப் போய்விட்டது. நீண்ட பட்டியல் என்பதால் பரீதாவின் திரையில் அது தெரியவில்லை. மேல் பெட்டியின் நிலையையே எல்லாவற்றுக்கும் கொடுக்க வேண்டும். ஒரு வரித் திருத்தம்தான்.

மீண்டும் அழைப்பு. “ரெண்டு பேர் எடுத்திட்டாங்க அக்கா. நாநா எடுக்கல்ல. அவர்ட போட் கண்ணுக்குத் தெரியுதாம். கிட்டப் போய்ச் சொல்றாங்களாம்.”

மதியத்துக்குள் மூன்று படகும் கரைக்கு வந்தன. நாநாவின் தொலைபேசி நனைந்து செத்துப்போயிருந்தது. எந்தச் செய்தியும் அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்காது.

அடுத்த நாள் திருத்திய பக்கத்துடன் சங்கத்துக்குப் போனேன். பரீதா முதலில் நாநாவுக்கு டிக் போட்டார், பிறகு மேல் பெட்டியை அழுத்தினார். பட்டியலைக் கீழே இறக்கிப் பார்த்தார். டிக் அப்படியே இருந்தது.

“சரி அக்கா. ஆனா அனுப்ப முந்தி ஆரார் விடுபட்டவங்க எண்டு மேல காட்ட ஏலுமா?”

“ஓம், செய்யலாம்.” அன்றே செய்துகொடுத்தேன்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். நாம் எப்போதும் ஒரு டிக்கும் இல்லாத பக்கத்தில்தான் சோதித்துப் பார்க்கிறோம். அதைப் பாவிப்பவரோ, தான் பயந்துகொண்டிருக்கும் ஆளின் பெயரைத்தான் முதலில் தேடி அழுத்துவார்.