பித்தான் இல்லாத புகைபோக்கிக்காரி

மாய்மு யாரிடமும் எதையும் கேட்கமாட்டாள். முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் நானூறு பிள்ளைகளுக்குச் சூப் காய்ச்சியவள். உப்பு போதுமா என்றுகூட ஒருத்தரைக் கேட்டதில்லை என்று பெருமை அடித்துக்கொள்வாள். பக்கத்து வீட்டுக்காரியான எனக்கு அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அப்படிப்பட்டவள் போன அக்டோபரில் என் கதவைத் தட்டி, "உர்வே, எனக்கு ஒரு வழி சொல்லு" என்றாள். எனக்குக் கொஞ்சம் பயமாகவே போய்விட்டது.

அவளுடைய அக்கா ஹெல்வே இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷனும் முடிந்து, மூன்று மாதமாக வெளியூர்ப் பராமரிப்பு இல்லத்தில் கிடந்தாள். அவளை எங்கள் ஊரான வால்காவுக்கு அழைத்துவந்து தன்னோடு வைத்துக்கொள்ள மாய்மு துடித்தாள். பெரிய அறையில் கட்டில் போட்டு, ரோஜாப்பூ சுவர்க்காகிதம்கூட ஒட்டிவிட்டாள். நகராட்சியின் சமூகநலப் பெண் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தாள். விறகு எரிக்கிற வீடு, அதனால் தகுதிச் சான்று பெற்ற ஒருவர் புகைபோக்கியைச் சோதித்து எழுதிக் கொடுக்க வேண்டும். நவம்பருக்குள் அது வராவிட்டால் குளிர்காலம் முழுக்க ஹெல்வே அங்கேயேதான்.

மாய்முவிடம் ஏற்கெனவே ஒரு காகிதம் இருந்தது. அதைத்தான் அந்தப் பெண் திருப்பி அனுப்பியிருந்தாள். அந்தக் காகிதம் வந்த கதையைச் சொன்னால் எங்கள் தெருவுக்கே தலைகுனிவு.

ஆகஸ்டில் புகைபோக்கி துடைக்கிறேன் என்று ஒரு ஆள் வந்தான். கறுப்பு உடுப்பு, உயரத் தொப்பி, மார்பில் இரண்டு வரிசை பித்தளைப் பித்தான். புகைபோக்கிக்காரனைக் கண்டால் அவன் பித்தானைப் பிடித்துக்கொண்டு மனசில் ஒன்றை வேண்டிக்கொள்வது எங்கள் வழக்கம். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. நானும்தான் பிடித்தேன், என்ன வேண்டினேன் என்பது உங்களுக்கு வேண்டாம். அவன் மாய்மு வீட்டுக் கூரையேறி ஒரு பிரஷ்ஷை விட்டு ஆட்டினான், இரண்டு கோப்பை காபி குடித்தான், "எல்லாம் நன்று" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். உன் சான்று எண் என்னப்பா என்று ஒருத்தராவது கேட்டோமா? கையில் பித்தான், மனசில் வேண்டுதல், கேள்வி எங்கிருந்து வரும்? சான்று பெற்றவர்களின் பதிவேட்டில் தேடினால் அப்படி ஒரு பேரே இல்லை.

இந்தத் தடவை இருவரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பதிவேட்டிலிருந்தே ஆளைத் தேடினோம். கைரித் என்று ஒரு பெண் கிடைத்தாள், சான்று இன்னும் நாலு வருஷத்துக்குச் செல்லும். வீடு எந்தக் காலத்தது, எத்தனை அடுப்பு, கடைசியாக எப்போது சோதித்தது என்று போனிலேயே குடைந்துவிட்டாள்.

வந்தவளைப் பார்த்ததும் மாய்முவின் முகம் விழுந்துவிட்டது. நீல மேலுடுப்பு, நெற்றியில் விளக்கு, ஒரு பித்தான்கூட இல்லை. "எதைப் பிடிக்கிறது, ஜிப்பையா?" என்று என் காதில் கிசுகிசுத்தாள். கைரித் அதைக் காதில் வாங்காத மாதிரி, படம் ஒட்டிய சான்று அட்டையை முதலில் மேஜைமேல் வைத்தாள். காபி, வேலை முடிந்தபிறகு போதும் என்றாள். அங்கேயே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

பெரிய அறையின் கணப்பிலிருந்து தொடங்கினாள். புகைபோக்கிக்குள் கேமராவை இறக்கினாள், பரணில் ஏறினாள், வெகுநேரம் கழித்துக் கரி முகத்தோடு இறங்கிவந்தாள். பரண் மட்டத்தில் செங்கல் வெடித்திருக்கிறது, பக்கத்து உத்தரம் தீய்ந்து கறுத்திருக்கிறது, புதிதாகக் கட்டும்வரை இந்தக் கணப்பை மூட்டக்கூடாது என்றாள்.

மாய்மு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு, நான் என் ஆயுசில் கேட்டிராத குரலில், "எழுதாதீங்க. இந்த ஒரு குளிர்காலம் மட்டும். உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன்" என்றாள்.

கைரித் தான் எடுத்த படத்தை அவள் முன்னால் நீட்டினாள். "இந்த உத்தரத்துக்கு நேர் கீழதாங்க உங்க அக்கா கட்டில். அவங்களால எழுந்து ஓட முடியுமா?"

மாய்மு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எழுதுங்க" என்றாள்.

அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் கைரித் பையைக் கட்டவில்லை. சமையலறை அடுப்புக்குத் தனிப் புகைபோக்கி இருக்கிறதே, அதன் கரி வாருகிற இரும்புக் கதவு எங்கே என்று கேட்டாள். மாய்முவின் காது சிவந்துவிட்டது. மிச்சமிருந்த ரோஜாப்பூக் காகிதத்தைச் சமையலறையிலும் ஒட்டியிருந்தாள், அந்தக் கதவின்மேலும் சேர்த்து.

"பாக்க அசிங்கமா இருந்துச்சு" என்றாள்.

"இந்த மாசத்துல நீங்க மூணாவது ஆள்" என்றாள் கைரித்.

மாய்முவே கத்தியை எடுத்துக் காகிதத்தைக் கீறினாள். இரண்டு வாளி கரி வந்தது, கூடவே ஒரு காக்கைக்கூடு. கேமரா இறங்கி ஏறியது. இந்தப் புகைபோக்கி ஒரு விரிசல் இல்லாமல் இன்னும் ஐம்பது வருஷம் நிற்கும் என்றாள் கைரித். இரண்டையும் உள்ளது உள்ளபடி எழுதி, எண்ணோடு கையெழுத்துப் போட்டாள். பிறகுதான் காபி குடித்தாள், கிரிங்கல் என்கிற இனிப்பு ரொட்டியிலும் பாதியை முடித்தாள்.

ஒரு அறை சூடாக இருந்தால் போதும் என்று சமூகநலப் பெண் ஒப்புக்கொண்டாள். கட்டிலை நானும் மாய்முவும் சமையலறைக்கு இழுத்தோம். மேஜையை ஜன்னலோரம் தள்ளியும், நடக்க ஒரு முழம்தான் மிஞ்சியது.

நவம்பர் மூன்றாம் வாரம் ஹெல்வே வந்துசேர்ந்தாள். கோலை ஊன்றி மெதுவாக வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். அடுப்பில் உருளைக்கிழங்கு சூப் கொதித்துக்கொண்டிருந்தது. மாய்மு பாத்திரத்தைக் கிளறுகிற சாக்கில் முதுகைக் காட்டிக்கொண்டே, இடம் ரொம்ப நெருக்கம், பெரிய அறையைத் தருவதாகத்தான் இருந்தேன், வசந்தத்தில் கட்டிவிடுவேன் என்று அடுக்கிக்கொண்டே போனாள்.

"அந்த இல்லத்துல என் ரூம் பெருசுதான், மாய்மு" என்றாள் ஹெல்வே. "நாள் முழுக்கக் கதவைப் பாத்துட்டே கெடப்பேன். ஒருத்தரும் வரமாட்டாங்க."

மாய்மு கிளறுவதை விட்டுத் திரும்பினாள். சூப்பை ஒரு கரண்டி அள்ளி, ஊதி, அக்காவிடம் நீட்டினாள்.

"உப்பு போதுமான்னு பாரு" என்றாள்.