பேச்சு முடியும்வரை நிற்பது

சிங்கப்பூரில் காலையில் எனக்கு முதல் வணக்கம் சொல்வது மனிதர் இல்லை. நான் துப்புரவு வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி வாசலில் இடுப்பளவு உயரத்தில் ஒரு ரோபோ நிற்கிறது. ஆள் கிட்டே போனதும், "வணக்கம், இன்று எப்படி இருக்கிறீர்கள்?" என்று நம் தமிழிலேயே கேட்கிறது. வந்த புதிதில் கைகூப்பி, "சாமி புண்ணியத்துல நல்லா இருக்கேன்" என்று பதில் சொன்னவன் நான். போகப்போக, அது பேசிக்கொண்டிருக்கும்போதே வாளியைத் தூக்கிக்கொண்டு நடக்கப் பழகிவிட்டேன். அதற்கு வருத்தமில்லை, எனக்கும் நேரம் மிச்சம்.

அந்தப் பழக்கம் ஊருக்கும் என்னோடு வந்திருக்கிறது என்பது போன சாரல் சமயம் லீவில் வந்தபோதுதான் தெரிந்தது. தென்காசிப் பக்கம் குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். என் மனைவி செல்வி, "நீங்க அங்கன இருக்கையில ஒருநா எனக்கு நெஞ்சு ஒரு மாதிரி..." என்று ஆரம்பித்தாள். நான் "சரி சரி" என்று தட்டோடு எழுந்துவிட்டேன். வேண்டுமென்று இல்லை, கால் தானாக நடந்தது.

"நான் பேசிக்கிட்டு இருக்கேன், நீங்க பாட்டுக்கு எந்திச்சுப் போறிய! நான் என்ன உங்க ஆஸ்பத்திரி பொம்மையா?"

திரும்ப வந்து உட்கார்ந்து, "சொல்லு செல்வி" என்றேன்.

"ஒண்ணுமில்ல. கையக் கழுவுங்க."

இரண்டு நாள் கேட்டுப் பார்த்தும் அதே 'ஒண்ணுமில்ல'தான். மூன்றாம் நாள் தென்காசிக் கோயிலில், அவளைப் பேச வையப்பா என்று மட்டும் விசுவநாதரிடம் கேட்டேன். அங்கிருந்து ஐந்தருவிக்குப் போனோம். குளித்துவிட்டு ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்தபோது, தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி அவளாகவே சொன்னாள். வலியோடு தனியாகப் பஸ் ஏறி டாக்டரிடம் போனதையும், பயப்பட ஒன்றுமில்லை என்று அவர் சொன்னதையும், என் வேலை கெடுமே என்று எனக்கு ஃபோன் போடாமல் இருந்ததையும் சொன்னாள். பாதி காதில் விழவில்லை. என்னது, என்னது என்று காதைக் கிட்டே கொண்டுபோனேன்.

"செவிடு மாதிரி கேக்கியளே, ஊரே பாக்குது!" என்று சிரித்தாள். சாமி எனக்குத் திருப்பிக் கொடுத்த சிரிப்பு அது.

இப்போது ரோபோ பேசி முடிக்கும்வரை நிற்கிறேன். அதற்காக இல்லை, என் காலுக்கு நானே சொல்லிக்கொடுக்கிறேன். ஒருநாள் நான் அதன் முன்னே நிற்பதைச் சீன மேற்பார்வையாளர் அம்மா பார்த்துவிட்டு, "ரோபோ ஸ்பாயில் ஆ?" என்றார். "நோ மேடம், டாக்கிங்" என்றேன். அவர் அதன் முதுகைத் தட்டிப் பார்த்துவிட்டு, ரிப்பேர்காரருக்குச் சொல்லப் போய்விட்டார்.

நேற்று வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கையில் செல்வி ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள். "இருங்க, சாரல் விழுது, துணிய எடுத்துட்டு வாரேன்" என்றாள். இங்கே நல்ல வெயில். என் பஸ் வந்தது. நான் கை காட்டி நிறுத்தவில்லை. குத்துக்கல்வலசையில் துணி எடுத்து முடியட்டும் என்று நின்றேன்.