கூரை நடுவில் ஒரு கம்பி

அமெரிக்காவில், நெப்ராஸ்காவின் மணல்மேட்டுப் பக்கம் எங்கள் பள்ளிக்கூடத்துப் பேருந்தைப் பத்தொன்பது வருடம் ஓட்டியவள் ஆர்லீன் வாவ்ரா. நான் ஹேசல், அதே பள்ளியின் சமையல்காரி. பேருந்தில் இருபக்கமும் பேசிக்கொள்ளும் ஒரு சிபி ரேடியோ, என் சமையலறையில் ஒன்று. கிளம்பினாலும் வந்து சேர்ந்தாலும் ஆர்லீன் எனக்குச் சொல்லிவிடுவாள்.

எழுபத்தைந்து ஜனவரியில் பனிப்புயல் அவளைச் சாலை தாழ்ந்து போகும் கோயோட் பள்ளத்தில் மடக்கியது. உள்ளே ஏழு குழந்தைகள். அவள் மைக்கில் கத்திக்கொண்டே இருந்திருக்கிறாள். என் ரேடியோவில் இரைச்சலைத் தவிர ஒன்றும் இல்லை. ஆறு மணி நேரம் கழித்து ஒரு பண்ணைக்காரர் டிராக்டரில் போய் மீட்டார். ஷெரில் என்ற சிறுமிக்குக் குளிரில் விறைத்து இரண்டு கால்விரல்கள் போயின.

மறுநாளே ஆர்லீன் பள்ளியின் தலைமை அதிகாரி ராஸ்முசன் முன்னால் போய் நின்றாள்.

"பள்ளத்துல இருந்து பேசினா இங்க கேக்கணும் சார்."

"நாலு வாட்டுதான் சட்டம், ஆர்லீன். அந்த ரேடியோவால அவ்வளவுதான் முடியும்."

"அப்ப என்னால எவ்வளவு முடியும்னு பாக்கறேன்."

மறுவாரம் பெட்ரோல் பங்க் லோன்னியிடம் ஒரு பெட்டி வாங்கி வந்தாள். ரேடியோவுக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவில் மாட்டினால் நாலு வாட் நூறு வாட் ஆகிவிடுமாம். சட்டத்துக்குப் புறம்பானது என்று லோன்னியே சொல்லித்தான் விற்றான்.

ஒரு மதியம் தேவாலயத்தில் கிழவர் எமிலுக்கு இறுதிச் சடங்கு. போதகர் ஜெபத்துக்குத் தலை குனிந்த நேரத்தில் வெளியே போன பேருந்தில் மைக்கை அழுத்தியபடியே ஆர்லீன் ஒரு காய்ச்சல்காரப் பையனை அதட்ட, அந்த நூறு வாட்டில் மின்சார ஆர்கன் பெட்டிக்குள்ளிருந்து அவள் குரல் வெடித்தது: "கர்ட்டிஸ்! எழுந்திரிச்சே, தொலைச்சிடுவேன்! படு, படுத்தே கிட!" சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்த நாங்கள் சிரிப்பை அடக்க முடியாமல் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டோம். எமிலின் விதவையும்தான்.

அவமானத்தை ஆர்லீன் தாங்கிக்கொண்டாள். அவளை உறுத்தியது வேறு. பள்ளத்தில் வண்டியை நிறுத்திக் கூப்பிட்டபோது அவள் குரல் எனக்கு வந்தது. நான் பதில் சொன்னேன், தொண்டை வறளும் வரை சொன்னேன். அவளுக்கு ஒன்றும் எட்டவில்லை.

"ஹேசல், உயிரோட இருக்கியாடி? ஏதாவது பேசேன்!"

நெடுஞ்சாலையில் போன ஒரு லாரிக்காரன்தான் குறுக்கே வந்தான். "யாரு அக்கா அது? முதலை மாதிரி இருக்கீங்களே! வாய் இவ்ளோ பெருசு, காதையே காணோம். அந்தம்மா அப்ப இருந்து பதில் சொல்லிட்டுத்தான் இருக்கு."

"காதை எங்க விக்கிறாங்க? வாங்கிட்டு வரேன்" என்றாள் ஆர்லீன் எரிச்சலோடு.

"விக்க மாட்டாங்க. உங்க ஆன்டெனா கம்பி எங்க நிக்குது?"

"பக்கக் கண்ணாடித் தண்டுல."

"அட போங்கக்கா. அதைக் கூரைக்கு நடுவுல வைங்க. அடியில இரும்புத் தகடு விரிஞ்சு கிடந்தாத்தான் சத்தம் எல்லாப் பக்கமும் போகும், வரவும் வரும். அப்புறம் நீளத்தைச் சரி பண்ணுங்க."

லோன்னியின் பெட்டியை அன்றே கழற்றினாள். பேருந்துக் கூரையில் ஓட்டை போட ராஸ்முசனிடம் அனுமதி கேட்டாள்.

"மழை உள்ள வரும்" என்றார் ராஸ்முசன்.

"வரட்டும். நனைஞ்சா துவட்டிக்கலாம். விரல் போனா?"

அவர் மேசைக் காகிதங்களைப் புரட்டத் தொடங்கினார். அதையே அனுமதியாக எடுத்துக்கொண்டு சனிக்கிழமை துளைக்கருவியோடு கூரைமேல் ஏறினாள். ஓட்டையைச் சுற்றித் தார் பூசினாள். பிறகு கம்பியின் நீளம் பொருந்துகிறதா என்று காட்டும் அளவுமானியை மாட்டி, முதல் சேனலிலும் கடைசிச் சேனலிலும் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தாள். கம்பி நீளமாக இருந்தது. கால் அங்குலம் அறுப்பாள், இறங்கி வந்து முள்ளைப் பார்ப்பாள், மறுபடி ஏறுவாள். கூடுதலாக அறுத்துவிட்டால் ஒட்ட முடியாதே! ஒன்பதாவது தடவையில் முள் கீழே படுத்தது, நீளம் சரி.

அதோடு விடவில்லை. என் சமையலறை ஜன்னல் விளிம்பில் கிடந்த ஆன்டெனாவைத் தூக்கிக்கொண்டு பள்ளியின் பின்னால் நின்ற பழைய காற்றாலைக் கோபுரத்தில் ஏறினாள். நாற்பதடி உயரம், அவளுக்கு ஐம்பத்தொரு வயது.

"ஆர்லீன், இறங்குங்க! இது உத்தரவு!" என்று ராஸ்முசன் கீழிருந்து கத்தினார்.

"ஒயரைப் பிடிச்சுக்கங்க சார், இல்லேன்னா ஓரமா போங்க!"

அவர் ஒயரைப் பிடித்தார்.

திங்கட்கிழமை பள்ளத்திலிருந்து கூப்பிட்டாள். "ஹேசல், இன்னிக்கு என்ன சமையல்?"

"பீன்ஸ்."

"மறுபடியுமா?" என்றாள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டு அடுப்படியில் நான் துள்ளிக் குதித்தேன்.

எழுபத்தேழு மார்ச்சில், வானொலியில் சொன்ன நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே பனி இறங்கியது. கோயோட் பள்ளத்தில் பேருந்தின் முன்சக்கரம் சாலை விளிம்பைத் தாண்டிவிட்டது. பதினொரு குழந்தைகள்.

"ஹேசல், சாஞ்சு நிக்கறோம். யாருக்கும் அடி இல்ல. கண்ணுக்கு எதுவும் தெரியல."

"வண்டியை விட்டு இறங்காத. பனிக்கலப்பை லாரியை அனுப்பறேன். எங்கயும் போகாத!"

"போறதுக்கு எங்கடி இருக்கு!"

கலப்பை லாரி ஓட்டிய கிளாரன்ஸுக்குத் தன் வண்டியின் மூக்குகூடத் தெரியவில்லை. அவர் வண்டியிலும் ரேடியோ இருந்ததால் பத்து நிமிடத்தில் ஆர்லீனும் அவரும் நேராகப் பேசிக்கொண்டார்கள், நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஹாரன் அடிக்கறேன், கேக்குதா?" என்றார் கிளாரன்ஸ்.

"இடது பக்கம் கேக்குது. இன்னும் மெதுவா. மெதுவான்னு சொன்னேன்! நில்லு. நில்லு கிளாரன்ஸ், நீ என் பம்பருக்குப் பக்கத்துல நிக்கற."

ஐம்பது நிமிடத்தில் பதினொரு பேரும் என் சமையலறையில் இருந்தார்கள். ஆளுக்கு ஒரு கிண்ணம் மிளகாய் பீன்ஸும் இலவங்கப்பட்டை ரொட்டியும் கொடுத்தேன். பெற்றோர் ஒவ்வொருவராக வந்து கூட்டிப்போனார்கள். கடைசிக் குழந்தை போகும் வரை ஆர்லீன் கையுறையைக்கூடக் கழற்றாமல் கதவருகிலேயே நின்றாள். அப்புறம்தான் வந்து உட்கார்ந்தாள். கையுறையோடேயே கரண்டியை எடுத்தாள், அது நழுவி மேஜையில் விழுந்தது. நான் பார்க்காத மாதிரி ரொட்டியைப் பிய்த்து அவள் தட்டில் வைத்தேன்.