கட்டைவிரல் காய்ப்பு

1. டைல்ஸ் வேலைக்கு வந்தவர்கள்

எனக்கு வயது இருபத்தைந்து. ரிட்டயர்டு.

போனில் சுட்டு விளையாடுவது மூன்று வருடம் எனக்குத் தொழில். கடைசி வருடம் சம்பளம் உண்டு, பனியன் உண்டு, பனியன் முதுகில் பேர் உண்டு. இப்போது விளையாடுகிற பிள்ளைகள் என்னிடம் வந்து, அண்ணே எப்படி மேலே போனீங்க, எப்படிக் கீழே வந்தீங்க என்று கேட்கிறார்கள். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். பேச்சும் அவ்வளவாக வராது. நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

முதல் போட்டி மதுரையில், ஒரு காலேஜ் ஆடிட்டோரியத்தில் நடந்தது. நாங்கள் நாலு பேர், எல்லோரும் மேலூர்ப் பக்கம். செல்வம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். எங்களுக்கு லீடர் அவன். யாசின் பைக் மெக்கானிக். கதிர் காலேஜில் படித்தான், அதாவது பீஸ் கட்டியிருந்தான். நான் கிரானைட் பட்டறையில் பாலிஷ் போடுகிறவன். விளையாட்டில் என் பேரும் 'பாலிஷ்' தான்.

அன்று எனக்கு அரை நாள் வேலை இருந்தது. குளிக்க நேரமில்லை. தலை, புருவம், காது எல்லாம் கல் மாவு. அப்படியே பஸ் ஏறிவிட்டேன். வாசலில் டி-ஷர்ட் போட்ட ஒருவர் என்னைப் பார்த்தார்.

"டைல்ஸ் வேலையா? பின்பக்கமாப் போங்கண்ணே."

செல்வம் முந்திக்கொண்டான். "முன்பக்கமே போறோம். ஒடைக்க வேண்டியதெல்லாம் உள்ளதான் இருக்கு."

உள்ளே பதினாறு டீம். எல்லோரிடமும் விரலுக்கு உறை, கழுத்தில் ஹெட்செட், போனுக்கு அடியில் சின்ன ஃபேன். எங்களிடம் கீறல் விழுந்த நாலு போன், ஒரு தூக்குவாளியில் புளிச்சோறு.

விளையாட்டு தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பதினாறு டீமும் ஒரு தீவில் குதிக்கும். ஆளை ஆள் சுட வேண்டும். நேரம் ஆக ஆக நிற்கிற இடம் சுருங்கும். கடைசிவரை உயிரோடு நிற்கிற டீம் ஜெயிக்கும். இவ்வளவுதான்.

துப்பாக்கி சுடும்போது திரையில் அது உதறும், மேலே தூக்கும். கட்டைவிரலால் கீழே இழுத்துப் பிடிக்க வேண்டும். எல்லோருக்கும் அதுதான் கஷ்டம். எனக்கு இல்லை. பட்டறையில் எட்டு மணி நேரம் கை மிஷினைக் கல்லின் விளிம்பில் பிடிப்பவன் நான். அது உதறுகிற உதறலில் பல் ஆடும். இந்தத் துப்பாக்கி எனக்குப் பூனைக்குட்டி.

இன்னொன்றும் இருந்தது. மிஷினின் தலையை அமுக்கி அமுக்கி வலது கட்டைவிரல் காய்த்துப் போயிருந்தது. காய்த்த தோலில் வியர்க்காது. கண்ணாடியில் ஒட்டாது. எண்ணெய் போட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு போகும்.

அன்று நாங்கள்தான் முதலிடம். மைக்கில் வர்ணனை சொன்ன பையன் தொண்டை கிழியக் கத்தினான். "யாருய்யா இந்த பாலிஷ்? எங்கருந்துய்யா வர்றீங்க?"

யாசின் என் தலையைத் தட்டினான். மேடையில் வெள்ளை மாவு பறந்தது. புகை விட்டதாக நினைத்துக் கூட்டம் விசில் அடித்தது.

2. கோச்சடை வீடு

அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஜெயித்தோம். திருச்சியில் ஜெயித்தோம், கோயம்புத்தூரில் ஜெயித்தோம். ஒரு கம்பெனி எங்களை எடுத்துக்கொண்டது. மதுரை கோச்சடையில் மாடி வீடு பிடித்துக் கொடுத்தார்கள். நாலு பேரும் அங்கேயே தங்க வேண்டும், அங்கேயே விளையாட வேண்டும். வேறு வேலை கூடாது.

மேனேஜர் விக்னேஷ் சார், கோயம்புத்தூர்க்காரர். நல்ல மனுஷன். முதல் நாளே என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் பதறினார்.

"என்னங்க இது, கையா கருங்கல்லா? இந்தக் கைதாங்க நமக்கு மூலதனம். பத்திரமாப் பாத்துக்கோணும்."

மறுநாள் ஒரு டப்பா கிரீம் வந்தது. ரோஜா வாசனை. காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் தடவச் சொன்னார். நான் சொன்னதைச் செய்கிறவன். தடவினேன்.

என்ன வாழ்வு! ஏசி ரூம். சுழல் நாற்காலி. முதல் வாரம் நாங்கள் விளையாடியதைவிட நாற்காலியில் சுற்றியதுதான் அதிகம். கதிர் சுற்றிச் சுற்றி வாந்தி எடுத்தான். சாப்பாட்டுக்கு முட்டை கணக்கே கிடையாது. கீழ் வீட்டு அம்மா மட்டும் ஒருநாள் மேலே வந்து கேட்டார்.

"ஏப்பா, பகல் பூரா 'சுட்டுட்டான், சுட்டுட்டான்'னு கத்துறீங்களே, யாரைப்பா சுட்டுட்டாக?"

"எங்களைத்தான்க்கா," என்றான் யாசின்.

"சரி, மெல்லச் சாவுங்க. புள்ளைக்குப் பரிச்சை."

அந்த வருடம் பெரிய லீக்கில் இடம் கிடைத்தது. பனியனைப் போட்டுக்கொண்டு மேலூர் போனேன். டீக்கடையில் காசு வாங்கவில்லை. வடைக்கு மட்டும் வாங்கினார்கள்.

3. நெட்டு சரியில்லை

நாலு மாதத்தில் காய்ப்பு உரிந்தது. முதலில் ஓரம் எழும்பியது. பிறகு ஒரே துண்டாக வந்துவிட்டது. அடியில் இருந்த தோல் கைக்குழந்தையின் தோல் மாதிரி இருந்தது. ஊருக்குப் போனபோது என் அக்கா தொட்டுப் பார்த்து, பொறாமையாக இருக்கிறது என்றாள்.

அந்தத் தோல் வியர்த்தது. கண்ணாடியில் ஒட்டியது. நான் இடது பக்கம் நிற்கிற ஆளைச் சுட்டால் குண்டு சுவரில் போனது.

நான் சொல்லவில்லை. சொன்னால் என் இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்று பயம். வெளியே எத்தனையோ பேர் தயாராக நின்றார்கள்.

"லேக் அடிக்கிது மாப்ள," என்றேன் செல்வத்திடம். போனோ நெட்டோ திணறுகிறது என்று அர்த்தம்.

செல்வம் நம்பினான். நெட் கம்பெனிக்காரனைக் கூப்பிட்டு அரை மணி நேரம் திட்டினான். புது கனெக்‌ஷன் வந்தது. நான் மறுபடி சுவரைச் சுட்டேன். சார் புது போன் வாங்கிக் கொடுத்தார். அதிலும் சுவர். யாசின் எலுமிச்சம்பழம் வாங்கிவந்து எனக்குச் சுற்றிப் போட்டான்.

"நீ எப்பருந்துடா இதெல்லாம் நம்ப ஆரம்பிச்ச?" என்றான் கதிர்.

"நான் நம்பல. பழத்துக்குத் தெரியவா போகுது?"

நான் பவுடர் போட்டுப் பார்த்தேன். திருநீறு போட்டுப் பார்த்தேன். விரல் உறை போட்டேன். எதுவும் நிற்கவில்லை. டீம் இறங்கிக்கொண்டே வந்தது. கடைசி நாள் ஆட்டம் மட்டும் பாக்கி. சார் எங்களை உட்காரவைத்துச் சொன்னார்.

"கடைசி மேட்ச்ல மொத மூணு எடத்துக்குள்ள வந்தாத்தாங்க லீக்ல இருப்போம். நாலாவது வந்தாக் கூடக் கம்பெனி கையக் கழுவிரும். இந்த வீடும் இல்லீங்க."

4. ரெண்டு நாள் லீவு

அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொன்னேன். லீவு கொடுத்தார்கள். நேராகப் பட்டறைக்குப் போனேன்.

மேஸ்திரி சோலை அண்ணன் மிஷினை நிறுத்தினார்.

"என்னடா, ஒலகவீரன் வந்திருக்கான். கையெழுத்து எதுவும் போடணுமா?"

"அண்ணே, ரெண்டு நாளைக்கு மிஷின் குடுங்க."

"சம்பளம்?"

"வேணாம்ணே. காய்ப்பு வேணும்."

கையைக் காட்டினேன். அவர் சிரித்த சிரிப்பில் பட்டறை ஆட்கள் எல்லாம் வந்துவிட்டார்கள்.

"அட கிறுக்குப் பயலே, மூணு வருசக் காய்ப்ப ரெண்டு நாள்ல வாங்கிட்டுப் போகவா வந்த? கடைல விக்கிதா? கொப்பளந்தான்டா கெடைக்கும்."

நான் கேட்கவில்லை. இரண்டு நாளும் விடாமல் பாலிஷ் போட்டேன். யார் வீட்டுச் சமையல் மேடையோ, முகம் பார்க்கலாம், அப்படிப் பளபளத்தது. இரண்டாம் நாள் சாயங்காலம் கட்டைவிரலில் கொப்புளம் எழும்பியது. சுண்டைக்காய் அளவு. உள்ளே நீர் கோத்துக்கொண்டு மின்னியது.

பிளாஸ்திரி ஒட்டினால் திரைக்குத் தொடுவது தெரியாது. அதனால் அப்படியே விட்டேன். கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு கோச்சடைக்குத் திரும்பினேன்.

5. அப்பா கைதட்டியது

கடைசி நாள் ஆட்டம் மதுரையிலேயே ஒரு பெரிய ஹாலில். மேடை, கலர் லைட், சுவர் அளவுக்குத் திரை. கொட்டாம்பட்டிப் பக்கம் எங்கள் ஊரிலிருந்து ஒரு வேன் வந்தது. அப்பா, அக்கா, மாமன்மார், வேன் டிரைவர் எல்லோரும் மாலையோடு வந்தார்கள். ஆட்டத்துக்கு முன்னாலேயே மாலையைப் போடப் பார்த்தார்கள். செக்யூரிட்டி தடுத்தார்.

செல்வம் ஓடிப்போய் அப்பாவைக் கேட்டான். "மாமா, ஒடம்பு இப்ப எப்படி இருக்கு?"

"என் ஒடம்புக்கு என்ன? காலைல ஒம்போது இட்லி தின்னுட்டு வாரேன்."

செல்வம் திரும்பி என்னைப் பார்த்தான். நான் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டேன். மேடைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அந்த ஆட்டத்தை நாங்கள் நன்றாகவே ஆடினோம். நான் சுடுவதைக் குறைத்துக்கொண்டு பதுங்கினேன். செல்வம் வழி சொல்லச் சொல்ல ஓடினோம். பன்னிரண்டு டீம் போய்விட்டது. நாலு டீம் மிச்சம். நாங்கள் நாலு பேரும் உயிரோடு ஒரு தகர ஷெட்டுக்குள். இன்னும் ஒரே ஒரு டீம் செத்தால் போதும். மூன்றாம் இடம் நிச்சயம், லீக் நிச்சயம், கோச்சடை வீடு நிச்சயம். அந்த ஒரு டீம் சன்னலுக்கு வெளியேதான் ஒட்டிக்கொண்டு நின்றது. திரும்பி ஓட அவர்களுக்கு வழியில்லை.

"மாப்ள, சன்னல் வழியா ஒரு குண்டு," என்றான் செல்வம். "அம்புட்டுத்தான். முடிஞ்சிச்சு."

கைக்குண்டு எறிவது எப்போதும் என் வேலை. அமுக்கிப் பிடிக்க வேண்டும். குறி பார்க்க வேண்டும். விரலை எடுத்தால் குண்டு போகும்.

அமுக்கிப் பிடித்தேன். கொப்புளம் உடைந்தது.

திரையெல்லாம் தண்ணீர். விரல் சறுக்கியது. குறி சன்னலிலிருந்து கீழே இறங்கியது. குண்டு அழகாக உருண்டு எங்கள் நாலு பேருக்கும் நடுவில் வந்து நின்றது. இந்த விளையாட்டில் சொந்தக் குண்டு சொந்த ஆளையும் கொல்லும்.

யாசின் மட்டும் பேசினான். "யாருடா இது, நம்ம குண்டு மாதிரி இருக்கு?"

வெடித்தது. நாலு பேரும் காலி. நாலாவது இடம்.

ஹால் முழுக்க ஒரே சத்தம். வர்ணனைக்காரர் மேஜையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். பெரிய திரையில் மூன்று தரம் போட்டுக் காட்டினார்கள். ஜனங்கள் எழுந்து நின்று கத்தினார்கள். அவ்வளவு சத்தம் கேட்டதும் அப்பா நாங்கள்தான் ஜெயித்தோம் என்று நினைத்துவிட்டார். எழுந்து கைதட்டினார். வேன் ஆட்கள் எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். இந்தத் தடவை செக்யூரிட்டியால் முடியவில்லை. மாலையோடு மேடைக்கு வந்து என் கழுத்தில் போட்டுவிட்டார்கள்.

நான் தோற்ற மேடையில் மாலையோடு நின்றேன். கழற்றவில்லை. அப்பா முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிக் கழற்றுவது?

6. கையைக் காட்டு

மேடைக்குப் பின்னால் செல்வம் என்னைச் சுவரோரம் தள்ளினான்.

"கையக் காட்டு."

காட்டினேன். உரிந்த தோல் தொங்கியது.

"எம்புட்டு நாளா?"

"அஞ்சு மாசம்."

"நெட்டுக்காரன எம்புட்டுத் திட்டுனேன் தெரியுமாடா? ஏன்டா சொல்லல?"

"சொன்னா வேற ஆளப் போட்டுருவீங்கன்னு."

"லூசு, வேற ஆள் எதுக்கு? குண்டு எறியிறத நான் பாத்திருப்பேன். சுடுறத யாசின் பாத்திருப்பான். நீ சும்மா தீவுல வண்டி ஓட்டிருக்கலாம்ல. நாலு பேருக்கு எட்டுக் கட்டவிரல் இருக்குடா. ஒண்ணு போச்சுன்னா ஏழு இல்லயா?"

எனக்கு அழுகை வந்தது. அந்த நேரம் பார்த்து யாசின், குண்டு உருண்டு வந்தபோது கதிர் வாய் பிளந்ததைச் செய்து காட்டினான். கதிருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு செல்வத்துக்கு. பிறகு எனக்கு. நிற்க முடியாமல் நாலு பேரும் தரையில் உட்கார்ந்து சிரித்தோம். விக்னேஷ் சார் திட்டத்தான் வந்தார். மாலையோடு நான் தரையில் கிடப்பதைப் பார்த்து அவரும் உட்கார்ந்துவிட்டார். என் விரலைத் தூக்கிப் பார்த்தவர், "அந்தக் கிரீம நாந்தாங்க வாங்கிக் குடுத்தேன்," என்றார். அதற்கும் சிரித்தோம்.

அந்த மாதக் கடைசியில் கோச்சடை வீட்டைக் காலி செய்தோம். சுழல் நாற்காலியில் கடைசியாக ஒரு சுற்று சுற்றினோம். கதிர் மறுபடி வாந்தி எடுத்தான்.

நான் உருட்டிய குண்டு ஊர் ஊராகப் போன்களில் ஓடியது. மேலூர் டவுன் பஸ் கண்டக்டர் இன்றைக்கும் என்னைப் படியிலேயே நிறுத்துகிறார். "குண்டு இருக்கா? இருந்தா அடுத்த வண்டில வா." பஸ்ஸே சிரிக்கும். நானும் சிரிப்பேன். ஏறிக்கொள்வேன்.

பட்டறைக்குத் திரும்பி ஒரு வருடம் ஆகிறது. காய்ப்பு திரும்பி வந்துவிட்டது. யாரும் திரும்பிக் கூப்பிடவில்லை. அந்த லீக்கில் இப்போது பதினேழு வயசுப் பிள்ளைகள் ஆடுகிறார்கள். நல்ல கை.

அந்தப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல ஒன்றுதான் உண்டு. கை வலித்தால் அன்றைக்கே டீமிடம் சொல்லுங்கள். இடம் போனாலும் போகட்டும். சொல்லாததால் நாலு பேர் இடத்தையும் நான் போக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செல்வம் கடையில் ஜெராக்ஸ் மிஷினைச் சுற்றி உட்கார்ந்து நாங்கள் நாலு பேரும் இன்னும் விளையாடுகிறோம். பரிசு கிடையாது. ஆரம்பிக்கும் முன் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். "கையக் காட்டுங்கடா," என்பான் செல்வம். நாலு பேரும் எட்டுக் கட்டைவிரலை மேஜைமேல் வைப்போம். என் வலது கட்டைவிரலை மட்டும் அவன் நகத்தால் தட்டிப் பார்ப்பான். டொக் என்று சத்தம் வந்தால்தான் ஆட்டம்.

போன வாரம் டொக் என்று வந்தது. தீவில் குதித்து ஒரு வீட்டுக்குள் நுழைந்தேன். தரையில் குண்டு கிடந்தது.

"இங்க ஒரு குண்டு கெடக்கு," என்றேன். "யாராச்சும் வந்து எடுத்துக்கங்க."

மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"தொட்றாத!"

தொடவில்லை. காவல் மட்டும் இருந்தேன்.