ஸ்டெல்லாவின் ரோஸ் டப்பா

நேற்று மகள் சமையலறையைக் கவிழ்த்துப் போட்டுவிட்டாள். பிளாஸ்டிக் டப்பா ஒன்று பாக்கியில்லாமல் வாசலுக்கு வந்தாயிற்று. “சூடா எதையும் இதுல வைக்காதம்மா. கெமிக்கல் சோத்துல இறங்கும்” என்றாள். குவியலில் கிடந்த ஒரு மூடியை எடுத்து முகர்ந்தேன். அவ்வளவுதான், பொன்மலை ஸ்டெல்லா எதிரில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

எண்பதுகளின் தொடக்கம். திருச்சி ஜங்ஷன் பக்கம் ஓர் ஆபீஸில் நாங்கள் இருவரும் டைப்பிஸ்ட்கள். நான் திருவானைக்காவலிலிருந்து பஸ்ஸில் வருவேன், மடியில் எவர்சில்வர் தூக்கு. (டிரைவர் பிரேக் போட்டால் ரசம் புடவையில். பாதி உத்தியோகம் அந்தக் கறையோடுதான் பார்த்தேன்.) ஸ்டெல்லாவின் அண்ணன் துபாயிலிருந்து லீவில் வந்தபோது அவளுக்கு ஒரு பிளாஸ்டிக் டிபன் டப்பா கொண்டுவந்தார். ரோஸ் நிறம், உள்ளே தடுப்பு, மூடினால் ‘டக்’கென்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்கே ஆபீஸ் அவளைச் சுற்றி நிற்கும். ஹெட்கிளார்க் அதைத் திறந்து திறந்து மூடிவிட்டு என் தூக்கைப் பார்த்தார். “என்னம்மா, பால் ஊத்த வந்தியா?”

எனக்கு வயிறு எரிந்தது. பஸ்ஸிலும் டக், தூக்கத்திலும் டக்.

ஒருநாள் மத்தியானம் ஸ்டெல்லா சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

“என்னடி?”

“சூடா சாம்பார் சாதம் வச்சா ஒரே பிளாஸ்டிக் வாடை. வேணாம்னா அண்ணன் மனசு கஷ்டப்படும். உன் தூக்கைப் பார்த்தாலே எனக்குப் பொறாமையா இருக்குடி. ஒரு வாரம் மாத்திக்கலாமா? நீ ஆசைப்பட்டுக் கேட்டேன்னு அண்ணன்கிட்ட சொல்லிக்கிறேன்.”

கேட்ட வாயை மூடுவதற்குள் மாற்றிக்கொண்டேன். மறுநாள் ‘டக்’ என்னுடையது. கூட்டமும் என்னைச் சுற்றி. மஞ்சள் கறையேறிய டப்பாவில் புதுக் குடை மாதிரி நாறிய ரசம் சாதத்தைச் சிரித்துக்கொண்டே விழுங்கினேன். எதிரே ஸ்டெல்லா என் தூக்கின் அடிவரை வழித்துச் சாப்பிட்டாள். வயிறு மறுபடி எரிந்தது, இந்த முறை என் தூக்குக்காகவே!

மூன்றாம் நாளே தூக்கைத் திருப்பிக் கேட்டுவிட்டேன். “இன்னும் ரெண்டு நாள்டி” என்று கெஞ்சினாள். கொடுக்கவில்லை. பிடுங்கிக்கொண்டேன். அந்த வார ஞாயிறு அண்ணன் விமானம் ஏறினார். திங்கட்கிழமை ஸ்டெல்லா புதுத் தூக்கோடு வந்தாள். என்னுடையதைவிடப் பெரிது, பளபளப்பு. என் வயிற்றைக் கேட்க வேண்டுமா?

கல்யாணமாகி அவள் பம்பாய் போனாள். ஆபீஸ் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. மகள் வேலைக்குப் போனபின் மத்தியானம் நான் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். எட்டிப் பார்க்க எதிரே ஒரு தட்டு இல்லை.