ஈப்போவில் இறங்கிய பனி

மலையூரான பிரிஞ்சாங்குக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லோரி ஓட்டும் ஒரே பெண் விக்னேஸ்வரி. ஆசைப்பட்டு வந்த வேலை இல்லை, லூபஸ் என்கிற நோய் கொண்டுவந்து சேர்த்த வேலை. ஒன்பது வருடத்துக்கு முன்னால், கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவளுக்கு முகம் சிவந்து, விரல் மூட்டெல்லாம் வீங்கி, தலை வாரக்கூட முடியாமல் போயிற்று. வெயில் ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலை எது என்று யோசித்த, தோட்ட ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி வீரப்பன், அவளை லைசென்ஸ் எடுக்க வைத்து லோரியில் ஏற்றிவிட்டார்.

ஏறியவளுக்கு இறங்க மனமில்லை. மூட்டை மூட்டையாகக் கொழுந்தை ஏற்றிக்கொண்டு, ஒரு வண்டி மட்டுமே போகிற அகலத் தோட்டப் பாதையில் வளைந்து வளைந்து பேக்டரிக்கு வருவதில் அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். தினம் காலையில் விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரைதான் ஸ்டீயரிங் பிடிக்கிற அளவுக்குக் கையைத் திருப்பிக் கொடுத்தது. கூடவே கன்னத்தையும் உப்ப வைத்தது. "என்னாடி, வீட்டுல நல்ல கவனிப்பா?" என்று லயத்து வீடுகளில் இருக்கும் பெண்கள் கிண்டல் செய்தால், "பொறாமைப்படாதீங்கலா" என்று சிரித்துவிட்டுப் போவாள்.

வருடத்துக்கு ஒரு முறை கண்ணைச் சோதிக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரி அட்டையில் எழுதியிருந்தது. அந்தத் தேதி பார்த்துத்தான் கொழுந்தும் குவியும். கண் நன்றாகத்தானே தெரிகிறது, அதைக் கொண்டுபோய் எதற்குக் காட்டுவது என்று இரண்டு தடவை போகாமல் இருந்துவிட்டாள். யார் மேலும் பழி போட முடியாது, முழுக்க அவள் செய்த கூத்து.

பிறகு விளக்குகளைச் சுற்றி வளையம் தெரிய ஆரம்பித்தது. மலையில் இதை யாரிடம் போய்ச் சொல்வது? பொழுது சாய்ந்தால் பனி, பனி வந்தால் வளையம். பிறந்ததிலிருந்து பார்க்கிறதுதான். புருஷன் குணாளனிடம் ஒரு நாள் சொன்னபோது அவனும் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, "பனிலா, வேற என்னா?" என்றான். அன்றைக்கு அவன் கண்ணுக்கும் வளையம் தெரியத்தான் செய்தது.

குணாளனின் அக்காள் மகளுக்கு மலைக்குக் கீழே, வெயில் கொளுத்தும் ஈப்போவில் கல்யாணம். சாயங்காலம் மண்டப வாசலில் சரம் சரமாக விளக்கு போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றைச் சுற்றியும் வர்ண வளையம்.

"ஏங்க, ஈப்போலகூட பனி இறங்கிருச்சு பாருங்களேன்" என்றாள் விக்னேஸ்வரி.

சட்டைப் பித்தானைக் கழற்றிவிட்டு வேர்வை துடைத்துக்கொண்டிருந்த குணாளனின் கை அப்படியே நின்றது. "ஈஸ்வரி, இங்க எங்க பனி? நான் வெந்துகிட்டு இருக்கேன்."

அவள் கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள், வளையம் போகவில்லை.

மலைக்குத் திரும்பாமல் மறுநாளே ஈப்போவில் கண் டாக்டரிடம் போனார்கள். அவர் ஒரு மலாய்க்கார அம்மா. இருபத்தொன்றுக்குள் இருக்க வேண்டிய அழுத்தம் வலது கண்ணில் முப்பத்தாறு, இடதில் முப்பத்திரண்டு. பல வருடம் தின்ற ஸ்டீராய்டு கண்ணுக்குள் நீர் வடிகிற வழியை அடைத்திருக்கிறது என்றார். நிறையப் பேருக்கு ஒன்றுமே தெரியாமல் ஓரப் பார்வை போய்விடும், உங்களுக்கு வளையமாவது தெரிந்தது, ஆனால் நரம்பு ஒரு தடவை போனால் போனதுதான் என்றும் சொன்னார்.

"அப்ப நாளையிலேருந்து மாத்திரைய விட்டுர்றேன்" என்றாள் இவள், அரைகுறை மலாயில்.

டாக்டர் குரலை உயர்த்திவிட்டார். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. லூபஸ் டாக்டர்தான் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். அதுவரை தினமும் சொட்டு மருந்து. ஆறு வாரம் கழித்து ஓரப் பார்வையைச் சோதித்துப் பார்க்கும் வரைக்கும் லோரியைத் தொடக்கூடாது.

ஆறு வாரம் கொழுந்து நிறுக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் லோரியைக் கந்தன் ஓட்டினான். அவன் மேட்டில் கியர் மாற்றுகிற சத்தம் கேட்டால் இவளுக்கு வயிறு எரியும். பார்வை போய்விடுமோ என்ற பயத்தை வீட்டில் காட்டிக்கொள்ளவில்லை. குணாளனும் காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் அவள் தண்ணீர்த் தொட்டிக்குப் போனால்கூட ஏதாவது சாக்குச் சொல்லிப் பின்னாலேயே வந்தான்.

சோதனை நாளில், ஒரு கண்ணை மூடி, தாடையை ஒரு மேடையில் வைக்கச் சொன்னார்கள். நடுப் புள்ளியையே பார்க்க வேண்டும். ஓரத்தில் வெளிச்சம் மின்னினால் பொத்தானை அமுக்க வேண்டும். சில இடத்தில் மின்னியதா இல்லையா என்றே தெரியவில்லை. சும்மா அமுக்கிவிட்டால் என்ன என்று விரல் துறுதுறுத்தது. லோரி முழுக்க மூட்டை ஏற்றிக்கொண்டு, ஓரத்தில் நடந்துவரும் ஆள் தெரியாமல் திருப்புவதை நினைத்தாள். தெரியாததற்கு அவள் அமுக்கவே இல்லை.

டாக்டர் தாளைப் புரட்டிப் பார்த்தார். அழுத்தம் பதினாறுக்கு இறங்கியிருந்தது. வலது கண்ணில் மேல் ஓரம் கொஞ்சம் மங்கல், மற்றதெல்லாம் பத்திரம். சொட்டு மருந்தை விடவே கூடாது, மூன்று மாதத்துக்கு ஒரு முறை வர வேண்டும், வண்டி ஓட்டலாம். விக்னேஸ்வரிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. மூக்கைச் சிந்திக்கொண்டே டாக்டருக்கு நாலு தடவை நன்றி சொன்னாள்.

வெளியே வந்ததும் குணாளனிடம் கையை நீட்டினாள். அவன் கார் சாவியைக் கொடுத்தான்.

சிம்பாங் பூலாய் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும், முதல் நாலு வளைவுக்குக் குணாளன் பக்கத்து சீட்டில் இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வந்தான். அப்புறம் மிதிப்பதை மறந்துவிட்டான். மேலே கோலா தெர்லா ஊரை நெருங்கும்போது, காய்கறி லோரிகள் எதிரே சீறிக்கொண்டு வர, வாயைத் திறந்தபடி குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் சொன்னதில் பாதிதான் அவள் அதுவரை நம்பியிருந்தாள். மீதியை அப்போது நம்பினாள்.